ரிங் தேய்ந்த லொறிக்கு கேட்ச் கேன் மருந்தல்ல
ஒயில் கேட்ச் கேன் (என்ஜினின் மூச்சுக் குழாயில் வரும் ஒயில் ஆவியைப் பிடித்து வைக்கும் சிறு டப்பா) பூட்டினால் எந்த டீசல் லொறியும் ஒயில் குடிப்பதை நிறுத்திவிடும் என்று இந்தக் கேனைப் பற்றி வந்த கட்டுரையில் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சம்மாந்துறையிலிருந்து மட்டக்களப்புக்கு நெல் ஏற்றும் என் லொறியில் போன பெரும்போக அறுவடைக்கு முன் ஒன்றைப் பூட்டினேன். நாலே நாளில் கேன் நிரம்பிவிட்டது. நல்லாத்தான் வேலை செய்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். கல்முனையில் ஒரு கராஜ் பாஸ் என்ஜினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் காட்டினார்: குபுகுபுவென்று புகை. பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைத்து நிற்கும் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது என்ஜினின் அடிப்பகுதிக்குள், இறங்கி அங்கிருந்து ஒயிலையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. கேன் அந்த ஒயிலைப் பிடித்து வைக்குமே தவிர ரிங்கைச் சரிசெய்யாது. டர்போவும் ஈஜிஆரும் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள புதிய என்ஜின் என்றால் கதை வேறு. ஒயில் ஆவியும் கரியும் சேர்ந்து காற்று உள்ளே போகும் இன்டேக்கில் தார் மாதிரி அப்பும், அங்கே கேனால் பயன் உண்டு. ஆனால் பூட்டிவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்தொன்றில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மார்கழி மழையில் எங்கள் பக்கம் ஓடிப் பார்க்கட்டும், கேனுக்குள் தண்ணீரும் ஒயிலும் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் நிற்கும். வடிக்காமல் விட்டு உள்ளே ஃபில்டர் அடைத்தால் என்ஜினுக்குள் அழுத்தம் கூடி, கிராங்க் சீல் வழியாக ஒயில் கசியத் தொடங்கும்.