28ஆம் நாளுக்குப் பிறகு கான்கிரீட்டுக்கு என்ன ஆகிறது?

கான்கிரீட்டின் தரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வார்த்து 28 நாளான கியூப், அதாவது சோதனைக்கான கான்கிரீட் கனசதுரம், எவ்வளவு அழுத்தம் தாங்கியது? கியூபை இயந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்க்கும் அந்தச் சோதனை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகக் கட்டுமான ஆய்வுகள் அந்த ஓர் எண்ணைத் தாண்டி, கான்கிரீட் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அளப்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் பார்த்த ஒன்று இதற்குக் காரணம். பழைய கட்டடத்திலிருந்து துளைத்தெடுத்த கான்கிரீட் உருளையைப் பிளந்து, அந்த முகத்தில், காரத்தன்மை உள்ள இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தார்கள். உட்பகுதி சட்டென்று அடர்ந்த இளஞ்சிவப்பானது. வெளியோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நிறமே ஏறவில்லை. துருவேறிய கம்பி அந்தப் பட்டைக்குள்தான் இருந்தது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி, கம்பியைக் காத்துவந்த காரத்தன்மையை அழித்திருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். பக்கத்திலேயே எடுத்த இன்னோர் உருளை, நொறுக்கும் சோதனையில் தாராளமாகத் தேறியிருந்தது!

இந்தக் கார்பனேற்றத்தின் ஆழம் ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. ஆகவே, கம்பியை உரிய ஆழத்தில் நிறுத்தும் கவர் பிளாக் நகர்ந்து, கம்பியை மூடியிருக்கும் 40 மி.மீ. கான்கிரீட் (கவர்) 20 மி.மீ. ஆகிவிட்டால், கம்பிக்குக் கிடைக்கும் பாதுகாப்புக் காலம் பாதியாக அல்ல, கால்பங்காகக் குறைந்துவிடும்.

சுற்றுச்சூழலுக்கு உகந்தது எனப்படும் சிமெண்ட்டையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். சூளையில் சுட்டெடுத்து, அரைத்துச் சிமெண்ட்டாக்கப்படும் கிளிங்கரின் தயாரிப்பில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருவது. எரிபொருளை மாற்றுவதால் மட்டும் அது தீராது. சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கேரன் ஸ்கிரிவனரும், கியூபாவின் லாஸ் வில்லாஸ் பல்கலைக்கழகம், டெல்லி, மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்கள் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய எல்.சி.3 சிமெண்ட்டில் கிளிங்கர் ஏறத்தாழ 50 சதவீதம்தான். மீதியில் சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 40 சதவீதம் வரை குறைகிறது. கம்பியைத் துருவேற்றும் கடலுப்பின் குளோரைடையும் இது மிக நன்றாகத் தடுக்கிறது. ஆனால் கார்பனேற்றம் சாதாரண சிமெண்ட்டைவிட இதில் வேகமாக நடக்கிறது. இதை மறைக்காமல் ஆய்வாளர்களே எழுதியிருப்பதால்தான் எனக்கு அந்த ஆய்வின்மேல் மதிப்பு கூடியது. கடலோரத் தூணுக்கு ஏற்ற கலவையை வேறு சூழலிலும் கண்ணை மூடிக்கொண்டு இடக்கூடாது.

சிக்கல், ஆய்வுக்குக் கிடைக்கும் காலத்தில் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குச் சில ஆண்டுகள். கட்டடத்துக்கோ ஐம்பது ஆண்டுகள். வெயிலிலும் மழையிலும் வைத்த மாதிரிகளை இருபது ஆண்டு கழித்து அளப்பவருக்கு, வைத்தவரின் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். கட்டுரை எண்ணிக்கையைக் கொண்டு பதவி உயர்வு தரும் அமைப்பில் இத்தகைய பொறுமைக்கு மதிப்பெண் கிடையாது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். கட்டிமுடித்த கான்கிரீட்டின் மேற்பகுதியிலிருந்தே வில்லைகளை வெட்டியெடுத்து, அவற்றின் ஊடே ஆக்சிஜன் எவ்வளவு எளிதில் புகுகிறது என்று அளக்கிறார்கள். தனியே வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் பத்திரமாக ஊறிய கியூப் சொல்லாததை, ஒப்பந்தக்காரர் க்யூரிங் செய்யாமல், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்காமல், விட்ட நாட்களை, அந்த வில்லை காட்டிக்கொடுத்துவிடும்.