பெல்ட்டில் ஸ்ப்ரே அடித்தால் தீராது

கார் சத்தம் பற்றிய இந்த இழையில் மேலே ஒருவர், 'ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊய்ங்கென்று சத்தம் வருகிறதா, பெல்ட்தான். டபிள்யூடி-40 அடித்தால் அடங்கிவிடும்' என்று எழுதியிருக்கிறார். அது துரு இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே, தயவுசெய்து அடிக்காதீர்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கலாம். அப்புறம் எண்ணெய்ப் பசையில் எஞ்சின் பெல்ட் வழுக்கும், அது சுழற்றும் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது) சரியாகச் சுற்றாது, பேட்டரியும் இறங்கும்.

முதலில், சத்தம் எஞ்சினோடு ஏறுகிறதா, சக்கரத்தோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் ரேஸ் கொடுங்கள். அப்போதும் வந்தால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதன் பாதையைத் தாங்கும் ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர் பேரிங் என்று எஞ்சின் பக்கம் தேடலாம். வண்டி ஓடும்போது மட்டும் வந்தால் வீல் பேரிங் அல்லது கியர்பாக்ஸ் மீது சந்தேகப்படுங்கள். காலியான சாலையில் லேசாக வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது வீல் பேரிங்தான். எடை அந்தப் பக்கம்தானே சாய்கிறது.

பெல்ட்டையே சந்தேகப்பட்டால், ஓடும் பெல்ட்டின் வரிவரியாகப் பள்ளமுள்ள பக்கத்தில் துளி தண்ணீர் பீய்ச்சினால் போதும் (கை, துண்டு, சட்டைக் கை எல்லாம் தள்ளியே இருக்கட்டும்). சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. உடனே கூடினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை.

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ள டீசல் வண்டியில் மெல்லிய விசில் இயல்பு. விசில் பெரிதாகி, இழுவை குறைந்து, கரும்புகையும் வந்தால், டர்போவுக்கு விலை கேட்கும் முன் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கிழிசல் இருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.