தலைப்பிலேயே விடையைச் சொல்லிவிடும் பயிற்சிகள்

ஆங்கில இலக்கணத்தின் ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸுக்கு நம் காரைக்குடிப் பக்கத்து டியூஷன்களில் வழக்கமாகக் கொடுக்கப்படும் பயிற்சி, அந்த டென்ஸை அமைக்கக் கற்றுத்தருகிறதே தவிர, அதை எங்கே கையாள வேண்டும், எங்கே கையாளக் கூடாது என்பதைக் கற்றுத்தருவதில்லை என்பது என் கருத்து. கோடிட்ட இடத்தில் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' எழுதி, கொடுத்திருக்கும் வினையை மூன்றாம் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். பயிற்சியின் தலைப்பிலேயே டென்ஸின் பெயர் அச்சாகியிருக்கும்போது பிள்ளை யோசிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? 'சீ, சா, சீன்' என்று தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் அதே பிள்ளை, பேச வாயெடுத்ததும் 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்கிறது.

இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வதில் நியாயமில்லை. காலையில் வளவு முற்றம் நனைந்து கிடப்பதைப் பார்த்து, 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்று நாம் சொல்வது தமிழில் குறையற்ற வாக்கியம். ஆங்கிலத்திலோ 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் வந்துவிட்டால் சாதாரண இறந்தகாலம்தான் வர வேண்டும். 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டுக்கும் அங்கே வேலையில்லை.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க அவரவர் குடும்பக் கதையே போதும். லேவாதேவிக்காகக் கப்பலேறிய பாட்டையாவைப் பற்றி 'ஹீ ஹேஸ் கான் டு பர்மா' என்று எழுதினால், அவர் இன்னும் ரங்கூனில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருளாகிவிடும். என்றோ போய், என்றோ காலமாகிவிட்டவருக்கு 'வென்ட்' போதும். சென்ற மாதம் மலேசியாவுக்குப் போய்த் திரும்பிவிட்ட சித்தப்பாவுக்கு, மாதத்தைச் சொல்லாதவரை, 'ஹேஸ் பீன் டு மலேசியா' பொருந்தும். அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார், 1957-இல் மறைந்தார். இரண்டுமே முடிந்த செய்திகள் என்பதால் 'ஃபவுண்டட்', 'டைட்' என்றே வரும். ஆனால் அந்தக் கல்லூரி இன்றும் நடப்பதால், அது தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிகளை உருவாக்கியிருக்கிறது என்னும்போது 'ஹேஸ் புரொடியூஸ்ட்' தேவைப்படுகிறது. ஒரே பத்திக்குள் இப்படி இரண்டு டென்ஸும் கலந்து வரும்படி எழுத வைத்தால்தான் வேறுபாடு மனத்தில் நிற்கும்.

பேச்சுப் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது மிக எளியது: முதல் கேள்வி பெர்ஃபெக்டில், அடுத்த கேள்வி இறந்தகாலத்தில். 'ஹேவ் யூ எவர் பீன் டு பிள்ளையார்பட்டி?' என்று கேட்டு, 'யெஸ், ஐ ஹேவ்' என்ற பதில் வந்ததும், 'வென் டிட் யூ கோ?' என்று கேட்க வேண்டும். அனுபவம் உண்டா என்பதற்கு ஒரு வடிவம், எப்போது என்றதும் வேறொரு வடிவம். ஆங்கிலம் பேசுவோரின் உரையாடலும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது.

பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள் இன்னொரு பயிற்சிக்கு உதவும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருக்கிறது, தேக்குத் தூண்களைப் பெயர்த்துப் பழம்பொருள் கடைக்கு விற்றிருக்கிறார்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மட்டும் மெருகு குலையாமல் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லட்டும். செயல் முடிந்து, விளைவு எதிரே நிற்கும்போது பெர்ஃபெக்ட் தானாக வந்து விழும்.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ் 2015', நீடித்த அளவுக்கு 'ஃபார் டென் இயர்ஸ்'. 'பத்து வருஷமாகத் தேவகோட்டையில் இருக்கிறோம்' என்பதில் வரும் 'இருக்கிறோம்', ஆங்கிலத்தில் 'ஹேவ் லிவ்ட்' ஆகிவிடும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

யூடியூபில் அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, அது சரியா என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் அது சரிதான். நம் பள்ளித் தேர்வுத்தாளில் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்று எழுதுவதே பாதுகாப்பு.