முயல்தலை பெஞ்சுகளும் ஒரு சாய்தளமும்

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்கிறது ஒரு கட்சி. படியேற முடியாதவர் நுழையவே வழியில்லாத கட்டடம் எவ்வளவு அழகாக இருந்துதான் என்ன பயன் என்கிறது இன்னொன்று. குழந்தைகள் நூலகங்களைப் பொறுத்தவரை இந்தச் சண்டைக்கு அடிப்படையே இல்லை என்பது என் கருத்து. நியூயார்க் நகரின் புரூக்ளினில், பிரவுன்ஸ்வில் பகுதியில் நிற்கும் ஸ்டோன் அவென்யூ நூலகத்தை முன்வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன்.

1914இல் திறக்கப்பட்ட இந்த நூலகம், குழந்தைகளுக்கென்றே எழுப்பப்பட்ட உலகின் தொடக்ககாலப் பொது நூலகக் கட்டடங்களில் ஒன்று. அப்போது பிரவுன்ஸ்வில்லில் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1908இல் அங்கே ஒரு பொதுக் கிளை நூலகம் திறக்கப்பட்டது. அதற்குள் பெரியவர்கள் நிற்கவும் இடமில்லாதபடி பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடமே கட்டிவிடுவது என்று முடிவானது அதன் பிறகுதான். பணம், ஊர் ஊராக நூலகம் கட்டக் கொடுத்த எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் நன்கொடையிலிருந்து வந்தது. வரைபடம் போட்டவர் வில்லியம் டப்பி என்ற கட்டடக் கலைஞர். புரூக்ளின் நூலகங்களில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை வகித்த கிளாரா வைட்ஹில் ஹன்ட் அம்மையாரின் எண்ணம் அந்தக் கட்டடம் முழுக்கப் பரவியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கதைப் புத்தகத்தில் வரும் செங்கல் கோட்டை போல இருக்கும்.

உள்ளே இருந்த இரண்டு பொருள்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒன்று, சிறுவர்களுக்கென்றே செய்த மர பெஞ்சுகள். அவற்றில் முயல் தலைகள் செதுக்கப்பட்டிருந்தன. மற்றொன்று, குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு. அதைச் சுற்றி, சின்சினாட்டியின் புகழ்பெற்ற ரூக்வுட் பட்டறையில் செய்த பீங்கான் ஓடுகளைப் பதித்திருந்தார்கள். கார்னகியின் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ரம் படு சிக்கனக்காரர். நன்கொடைப் பணத்தில் கட்டும் நூலகங்களில் கணப்பு போன்ற 'வீண்' செலவுகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவரின் காலத்திலும் அந்தக் கணப்பு இடம்பிடித்தது. சில்லிட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளைக்குக் கதை கேட்க ஓர் இடம் வேண்டும், உட்கார்ந்தால் கால் தரையில் பட வேண்டும், கை வைத்தால் ஒரு முயலின் காது தட்டுப்பட வேண்டும் என்று யாரோ ஒருவர் அளவெடுத்து யோசித்திருக்கிறார். இந்தக் கட்டடத்தின் வரலாற்று மதிப்பு, கோட்டை வடிவத்தைக் காட்டிலும் இந்த அளவெடுப்பில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் 1914இல் அவர்கள் அளவெடுத்தது எந்தக் குழந்தையை? தானே நடந்து வந்து, தானே படியேறி, ஓரளவு படிக்கவும் தெரிந்த குழந்தையை. அக்கால அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த பிள்ளைக்குத்தான் உறுப்பினர் அட்டை கிடைக்கும். புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கை சுத்தமாக இருக்கிறதா என்று நீட்டிக் காட்டவும் வேண்டும். காலில் வலுவில்லாத பிள்ளையும், காது கேளாத பிள்ளையும், இடுப்பில் இருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையும் அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்காக அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைய உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. இன்று புதுப்பிக்கிறவர்கள் செய்ய வேண்டியது, விடுபட்ட பிள்ளைகளையும் சேர்த்து அதே அளவுகோலால் மறுபடி அளப்பதுதான். நூற்றாண்டு நிறைந்த 2014இல் இந்த நூலகம் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது, மிகச் சிறிய குழந்தைகள் விளையாடியபடியே சொற்களைப் பழகுவதற்கென்று தனியிடம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. அன்றைய அளவெடுப்பின் தொடர்ச்சியாகவே அதை நான் பார்க்கிறேன்.

கார்னகி பணத்தில் கட்டப்பட்ட நூலகங்கள் அமெரிக்காவில் மட்டும் 1,679. அவற்றில் பலவற்றுக்கு முன்னால் உயரமான படிக்கட்டு இருப்பதற்கு அறிவின் சிகரம், கல்விக் கோயில் என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சிக்கனமும் ஒரு காரணம். பெர்ட்ரம் 1911இல் வெளியிட்ட குறிப்பில், அடித்தளம் 9 முதல் 10 அடி உயரம் இருக்கட்டும், அதில் 4 அடி மட்டும் தரைக்குக் கீழே போகட்டும் என்று யோசனை சொன்னார். பாதி வெளியே நிற்பதால் அடித்தளத்துக்கும் வெளிச்சம் வரும். ஒரே கூரையின்கீழ் இரண்டு தளம் கிடைக்கும். விளைவு என்னவென்றால், முதன்மைத் தளம் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் உயர்ந்துவிடும். படியேற முடியாதவருக்காகச் சாய்தளம் கட்டினால், அமெரிக்கச் சட்டப்படி அதில் 1 அங்குலம் ஏற 12 அங்குல நீளமாவது வேண்டும். 5 அடி ஏற 60 அடி நீளம். அதோடு ஒவ்வொரு 30 அங்குல ஏற்றத்துக்கும் நின்று இளைப்பாற 5 அடிச் சமதளம். நெருக்கமான நகரத் தெருவில் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது? எனவேதான் பல இடங்களில் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ, குப்பைத் தொட்டிகளுக்கு அருகில், ஒரு கதவைத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள்.

1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. மாற்றம் செய்தால் வரலாற்றுச் சிறப்பு அழிந்துவிடும் என்று உரிய அதிகாரிகள் கருதினால், பொதுமக்கள் வழக்கமாகப் பயன்படுத்தாத ஒரு வாசலைக்கூட அணுகல் வாசலாகக் காட்டிக்கொள்ளலாம். நீதிமன்றத்துக்கோ பழைய மாளிகைக்கோ இந்த விலக்கை ஏற்கலாம். குழந்தைகள் நூலகம் இதைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை வகுப்போடு வருகிறாள்; மற்றவர்கள் எல்லோரும் கோட்டை வாசலுக்குள் ஓடுகிறார்கள்; அவளை மட்டும் ஓர் ஆசிரியை பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார். புத்தகம் அவளுக்கும் கிடைத்துவிடும். கோட்டைக்குள் நுழைந்த அனுபவம் கிடைக்காது. அந்தக் கட்டடத்தைக் கோட்டை மாதிரி கட்டியதே அந்த அனுபவத்துக்காகத்தானே?

முகப்பைத் தொட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள், டோக்கியோவில் உயெனோ பூங்கா அருகே இருக்கும் பன்னாட்டுக் குழந்தை இலக்கிய நூலகத்தைப் பார்க்கலாம். 1906இல் பேரரசு நூலகமாக எழுந்து, 1929இல் நீட்டிக்கப்பட்ட கட்டடம் அது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ அதைக் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தபோது, பழைய கட்டடத்தை ஊடுருவிச் செல்லும் கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செருகி அதையே நுழைவாயிலாக்கினார். 2000இல் ஒரு பகுதியும் 2002இல் முழுவதுமாகவும் திறந்தார்கள். கூடவே நிலநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பையும் அடியில் பொருத்தினார்கள். பழையது எது, புதியது எது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. ஒன்று மற்றதாக வேஷம் போடவில்லை. போலிப் பழமையில் மூடிமறைத்த சாய்தளத்தைவிட இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

சாய்தளத்தைச் சக்கர நாற்காலிக்கு மட்டுமான சலுகையாகப் பேசுவதும் சரியான கணக்கில்லை. நூலக வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். அதில் அதிகம் ஏறுவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிவரும் வண்டிகள்தான். ஒரு கையில் மூன்று வயது, வண்டியில் எட்டு மாதம், தோளில் பை என்று வரும் தாய், பத்துப் படிகளைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விடுவார். தொடக்கநிலை எழுத்தறிவுக்காக என்னென்னவோ திட்டம் போட்டு, அந்தத் தாயை வாசலிலேயே இழந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஏற்பாடு யாருக்கு? அணுகல் வசதியும் எழுத்தறிவும் நிதி அறிக்கையில் இரண்டு தனித் தலைப்புகளாக வருகின்றன. நடைமுறையில் அவை ஒரே வேலை.

உள்ளே வந்த பிறகும் அளவு முக்கியம். சட்டம் கேட்பதைப் பெரியவர் அளவில் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. பெரியவர்களுக்கான கைப்பிடி 34 முதல் 38 அங்குல உயரத்தில் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய தலைமட்டம். பிள்ளைகள் புழங்கும் இடங்களில் 28 அங்குலத்துக்கு மிகாமல் இரண்டாவது கைப்பிடி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க விதிகளே பரிந்துரைக்கின்றன. அது பரிந்துரை மட்டும் என்பதால் செலவு கூடும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். சக்கர நாற்காலியில் வரும் சிறுவனின் முழங்கால் நுழைய மேசைக்கு அடியில் 24 அங்குல இடைவெளி வேண்டும். கணினி மேசை வாங்குகிறவர் இதைக் கேட்டு வாங்கினாரா என்று பார்க்க வேண்டும். முயல் தலையைச் செதுக்கிய தச்சருக்கு இருந்த கவனம் இங்கும் தேவைப்படுகிறது.

எழுத்தறிவுக்கு வருகிறேன். குழந்தைக்கு எழுத்து அறிமுகமாவதற்கு வெகு முன்பே ஒலி அறிமுகமாகிறது. பட்டம், வட்டம், கட்டம் என்று சொல்லும்போது முதல் ஒலி மட்டும் மாறுகிறது, மீதி ஒன்றாகவே ஒலிக்கிறது என்று காது பிடித்துக்கொள்வதுதான் படிப்பின் முதல் படி. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவுகள் நடத்தும் பெற்றோர் திட்டத்தில் ஐந்து செயல்களைச் சொல்கிறார்கள்: பேசுதல், பாடுதல், படித்தல், எழுதுதல், விளையாடுதல். ஐந்தில் இரண்டு நேரடியாகக் காதுக்கு உரியவை. பழைய வாசிப்புக் கூடமோ உயர்ந்த கூரையும் கெட்டித் தரையும் வெறும் சுவருமாக இருக்கும். அமைதியாகப் படிக்கிறவருக்காகக் கட்டப்பட்ட அறையில் இருபது குழந்தைகள் ஒரே நேரத்தில் பாடினால் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பிவிடும். காதில் கருவி அணிந்த குழந்தைக்கு அங்கே ஒரு சொல்லும் பிரிந்து கேட்காது. இரைச்சல் தாங்காத ஆட்டிசக் குழந்தை அழத் தொடங்கிவிடும். ஒலியை உறிஞ்சும் கூரைத் தட்டி, கம்பளம், கேட்புக் கருவியோடு இணையும் ஒலி வளையம், ஒதுங்கியிருக்க ஒரு சிறிய மூலை ஆகியவைதான் என் பார்வையில் எழுத்தறிவுக் கருவிகள். திறப்பு விழாப் படத்தில் இவை எடுப்பாகத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பணம் பல இடங்களில் தொடுதிரைகளுக்குப் போய்விடுகிறது.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 1914இன் பிரவுன்ஸ்வில் பிள்ளைகள் பலர் வீட்டில் பேசியது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி. நூலகம் அவர்களுக்கு ஆங்கிலத்தின் வாசலாக இருந்தது. இன்று குழந்தைகள் நூலகர்கள் பெற்றோரிடம் சொல்வது வேறு: உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே குழந்தையோடு பேசுங்கள், பாடுங்கள், ஒலியை உணரும் திறன் ஒரு மொழியில் வளர்ந்தால் மற்ற மொழிக்கும் உதவும் என்கிறார்கள். பள்ளிக்குப் போகும் முன் ஆங்கிலம் வந்தாக வேண்டும் என்ற பதற்றத்தில், தமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் கைக்குழந்தையோடு பேசும் தமிழ்ப் பெற்றோர் இதைக் கேட்டுக்கொள்ளலாம். புதுப்பித்த நூலகத்தின் மழலை அலமாரியில் வட்டாரத்தில் பேசப்படும் மொழிகளின் அட்டைப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்பதும் அணுகல் வசதியைச் சேர்ந்த கேள்விதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயம் கலந்த சாயம் பூச நாடு முழுவதும் தடை வந்தது 1978இல்தான். அதற்கு முந்தைய எந்தக் கட்டடத்திலும், தவழும் குழந்தையை விடுவதற்கு முன் சன்னல் விளிம்புகளையும் மரச் சட்டங்களையும் சோதிக்க வேண்டும். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது அது.

ஸ்டோன் அவென்யூ நூலகம் 2015இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் நியூயார்க்கில் இத்தகைய அறிவிப்பு கட்டடத்தின் வெளிப்புறத்தை மட்டுமே காக்கும். உள்புறத்துக்குத் தனியாக அறிவிப்பு வேண்டும். பிள்ளைகள் தொட்டுத் தேய்த்த பெஞ்சும் கணப்பும் சட்டத்தின் கண்ணில் படாமலிருக்க, சாய்தளத்தை எதிர்க்க மட்டும் சட்டம் கைகொடுக்கும் என்றால் பாதுகாப்பின் முன்னுரிமை தலைகீழாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். வரலாறு 1914ஓடு முடிந்துவிடவும் இல்லை. யூதக் குடும்பங்கள் வெளியேறி, கறுப்பின மக்கள் பெரும்பான்மையான பின், ரோசெட்டா காஸ்டன் என்ற மூதாட்டி 1969இல் இதே நூலகத்தில் கறுப்பினப் பண்பாட்டுக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். அவர் பெயரையே பின்னாளில் அந்தத் தெருவுக்கும் வைத்தார்கள். புதுப்பிப்பு என்ற பெயரில் 1914ஐ மட்டும் மெருகேற்றி அந்த அரை நூற்றாண்டை ஓரங்கட்டினால், இன்று அந்தத் தெருவில் வாழும் குழந்தைக்கு அது அடுத்தவர் வீட்டு அருங்காட்சியகமாகிவிடும்.

கடைசியாகப் பணம். சாய்தளமும் லிஃப்டும் கூரையும் மூலதனச் செலவு; ஒரு முறை ஒதுக்கினால் முடிந்தது, நாடா வெட்டிப் படமும் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நூலகரின் சம்பளம் ஆண்டுதோறும் வர வேண்டிய நடப்புச் செலவு. நியூயார்க் நகரம் 2023 நவம்பரில் நூலக நிதியைக் குறைத்தபோது, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைச் சேவை நின்றுபோனது. எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டு நிதியைத் திருப்பித் தந்தார்கள். வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஞாயிறுதான் நூலக நாள். ஆகவே புதுப்பிப்புத் திட்டம் அறிவிக்கப்படும் கூட்டத்தில் வரைபடத்தைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. திறந்த பிறகு குழந்தைகள் நூலகர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரந்தரமானவை எத்தனை, மழலைக் கதை நேரம் வாரத்தில் எந்தெந்த நாள், அதில் சைகை மொழி தெரிந்தவர் எப்போது இருப்பார்? இவற்றுக்கான பதிலையும் வரைபடத்தோடு சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.