லுங்கி கோஷமும் தாராவியின் 185-ஆம் வார்டும்

மும்பை மாநகராட்சித் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தங்கள் தாராவியில் இருக்கிற எனக்குக் கொடுக்கிற குடைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. “லுங்கிய உருவுவோம்னு மேடை போட்டுச் சொன்னவனுக்கே ஓட்டக் குத்திட்டு வந்திருக்கியளே, சூடு சொரணை கெடையாதாடே?” என்கிறார் மாமா ஒருவர். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் அடங்குகிற பதில் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்றும் சொல்லப்போவதில்லை, மாமா உட்பட.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி இவ்வளவுதான். அண்ணாமலை பிரச்சாரத்துக்கு மும்பை வந்தார். பம்பாய் மகாராஷ்டிர நகரம் அல்ல, உலக நகரம் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். 2026 ஜனவரி 11 அன்று சிவாஜி பார்க் கூட்டத்தில் நவநிர்மாண் சேனா தலைவர் ராஜ் தாக்கரே அவரை ‘ரசமலாய்’ என்று கிண்டலடித்து, அறுபது வருடப் பழைய ‘ஹடாவ் லுங்கி, பஜாவ் புங்கி’ கோஷத்தையும் தூசி தட்டி எடுத்தார். அதே மேடையில், அவரோடு கூட்டணி வைத்த சிவசேனாத் தலைவர் உத்தவ் தாக்கரேயும் இருந்தார். தமிழ் சேனல்களில் இதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் போய்ச் சேராத செய்தி 185-ஆம் வார்டுடையது. தாராவியில் 183 முதல் 189 வரை ஏழு வார்டுகள். தமிழர்கள் கணிசமாக இருக்கிற 185-இல் பா.ஜ.க. நிறுத்தியது ரவி ராஜாவை. சாதாரண ஆள் இல்லை. போன மாநகராட்சியில் காங்கிரஸ் எதிர்க்கட்சித் தலைவர். 2017-இல் 176-ஆம் வார்டில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர், 2024 அக்டோபர் கடைசியில் பா.ஜ.க.வுக்குப் போனவர். அவரைத் தோற்கடித்தவர் டி.எம். ஜெகதீஷ். உத்தவ் சேனா வேட்பாளர். பூர்வீகம் கேரளம். அதாவது, லுங்கி கட்டுகிறவர்களை விரட்டு என்று கோஷம் கேட்ட அதே வாரத்தில், அதே கூட்டணி சார்பில், லுங்கி கட்டுகிற தேசத்துக்காரர் ஒருவர் தமிழ்த் தெருக்களின் ஓட்டையும் வாங்கி உள்ளே போயிருக்கிறார். 2017-லும் அங்கே ஜெயித்தவர் அவர்தான். அதே 2017-இல் பக்கத்திலிருக்கிற 187-இல் சிவசேனா சார்பில் ஜெயித்தவர் பெயர் மாரியம்மாள் முத்துராமலிங்கம் தேவர். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா அந்தப் பெயருக்கு?

இது எப்படி நடந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1966-இல் பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கியபோது முதல் எதிரி நாம்தான். மார்மிக் பத்திரிகையில் கம்பெனி கம்பெனியாகத் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டார் பால் தாக்கரே. உடுப்பி ஹோட்டல் கண்ணாடிகள் உடைந்தன. 1968-இல் அந்தக் கட்சி முதல்முறையாக மாநகராட்சித் தேர்தலில் நின்றது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியோடு கூட்டு. மொத்தம் 140 இடத்தில் 42 கிடைத்தது. இரண்டு வயதுக் கட்சிக்கு அது பெரிய அறுவடை. அப்பா காலத்து ஆட்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். கேட்டால், “சாயந்தரத்துக்கு மேல வெளிய போகும்போது பேண்ட் போட்டுக்கிட்டோம்” என்பதோடு சரி. அந்தத் தலைமுறை கண்ணை மூடிக்கொண்டு காங்கிரஸுக்குக் குத்தியது. காமராஜர் இருந்த கட்சி என்பது ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம்.

1985-இல் 170 இடத்தில் 74 பிடித்து சேனா மாநகராட்சியையே எடுத்துக்கொண்டது. சகன் புஜ்பல் மேயர். 1992-இல் காங்கிரஸிடம் கைவிட்டுப்போனது, 1997-இல் திரும்பப் பிடித்தது, பிறகு 2022 வரை விடவில்லை. இந்த இருபத்தைந்து வருடத்தில் பிறந்து வளர்ந்த தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு சேனா என்றால் மார்மிக் பட்டியல் இல்லை. கல்லி (சந்து) முனையில் இருக்கிற ஷாகா.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஷாகா என்றால் என்னவென்று புரியவைப்பது கஷ்டம். கட்சிக் கிளை அலுவலகம்தான், ஆனால் கட்சி வேலை அங்கே ரொம்பக் கம்மி. சாயந்தரம் ஏழு மணிக்குமேல் போனால் ஒரு மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பாலாசாகேப் (பால் தாக்கரே) படம், அதன்கீழ் ஒரு பையன் லெட்டர்ஹெட்டில் எழுதிக்கொண்டிருப்பான். ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேர்க்கணுமா, சயான் ஆஸ்பத்திரியில் படுக்கை வேணுமா, மூணு நாளாகக் குழாயில் தண்ணி டைம் மாறிப்போச்சா, பொதுக் கக்கூஸில் கதவு உடைஞ்சு கிடக்கா, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு கடிதம். எங்கள் கல்லியில் ஒரு கிழவி உண்டு. மராத்தி ஒரு வாக்கியம் முழுசாக வராது. “பாவ், பானி நை” (அண்ணே, தண்ணி இல்ல) என்று மூன்றே வார்த்தையில் ஷாகாக்காரனைக் கூட்டிவந்து குழாய் முன்னால் நிறுத்துவாள். அவன் இந்தியில் திட்டிக்கொண்டே போனைப் போடுவான். அந்தக் கிழவியிடம் போய் 1966-ஐ ஞாபகப்படுத்துங்கள் பார்ப்போம்.

சேவை செய்தார்கள், அதனால் நல்லவர்கள் என்று கதை முடிக்க வரவில்லை. சேவை செய்ய வைத்தது வார்டின் கணக்கு. 2011 மக்கள்தொகையை 227 வார்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 55,000 பேர். அதில் ஓட்டு உள்ளவர்கள், வந்து போடுகிறவர்கள் என்று கழித்து, பல முனைப் போட்டியில் பிரித்தால், பத்தாயிரத்தைத் தொடாமலே ஜெயிக்கலாம். எம்.பி. தேர்தலில் தாராவித் தமிழன் கடலில் கரைத்த பெருங்காயம். வார்டில் அப்படியில்லை; தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய நான்கு கல்லிகள் சேர்ந்து நினைத்தால் ஆளைக் கவிழ்க்கும். மாநிலம் முழுக்க மராத்தி மாணூஸ் (மராத்தி மண்ணின் மைந்தன்) என்று பேசுகிற கட்சி, இந்த நான்கு கல்லிக்கு முன்னால் வந்து நிற்கும்போது குரலை இறக்கித்தான் ஆக வேண்டும். மாரியம்மாளுக்கு டிக்கெட் கிடைத்தது மனமாற்றத்தால் இல்லை, இந்தக் கணக்கால். எனக்கு அது போதும். கட்சிகளின் மனசு எனக்குத் தேவையில்லை, அவர்களுடைய கணக்கில் என் தெரு இருந்தால் சரி.

பா.ஜ.க.வும் இதைப் புரிந்துகொண்ட கட்சிதான். சயான் கோலிவாடாவில் கேப்டன் தமிழ்ச்செல்வன் முதலில் கவுன்சிலர், 2014-இலிருந்து எம்.எல்.ஏ. புதுக்கோட்டைப் பக்கத்து மனிதர். அங்கே வேலை செய்தது தெருவில் அலைந்த பழக்கம். தாராவியில் இந்த முறை அந்தக் கட்சி நினைத்தது, தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிரபலத்தை இறக்கினால் தமிழ் ஓட்டு வந்துவிடும் என்று. இரண்டு நாள் வந்து பேசிவிட்டு விமானம் ஏறிப்போகிறவருக்கு, அவர் சொல்லிவிட்டுப் போன வாக்கியத்தின் வட்டியை யார் கட்டுவது? லோக்கல் ட்ரெயினில் போகிற நாங்கள்தான். பதிலுக்கு ராஜ் தாக்கரே சொன்னதும் அசிங்கம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, கக்கூஸ் கதவு உடைந்தால் யார் வருவார் என்று பார்த்தார்கள். அதைச் சொரணை கெட்டதனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாக்குப்பதிவு நாள் ஜனவரி 15. தைப்பொங்கல்! இந்தத் தேதியைக் குறித்தவர்கள் காலண்டரில் தமிழ்த் தேதி பார்த்திருக்க மாட்டார்கள். பாதிப்பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் காலையில் கல்லியில் வரிசையாகச் செங்கல் அடுப்பு வைத்துப் பொங்கினார்கள். வாசல் கோலத்தை மிதிக்காமல் பூத் ஸ்லிப் கொடுக்கிற பையன்கள் ஒரு காலைத் தூக்கித் தாண்டித் தாண்டிப் போனார்கள். எல்லாக் கட்சிப் பையன்களுக்கும் எல்லா வீட்டிலும் சர்க்கரைப் பொங்கல். மதியத்துக்குமேல்தான் பெண்கள் கூட்டமாக பூத்துக்குக் கிளம்பினார்கள்.

அவசரமாகப் போனதற்குக் காரணம் உண்டு. பழைய மாநகராட்சியின் காலம் 2022 மார்ச் 7-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப்பிறகு கிட்டத்தட்ட நான்கு வருடம் கவுன்சிலரே கிடையாது, அரசு போட்ட நிர்வாகிதான். 1984-இல் சுக்தங்கர் நிர்வாகியாக இருந்ததற்குப் பிறகு இப்படி நடந்தது இதுதான் முதல்முறை, அப்போது ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது. இந்தத் தடவை வார்டு 227-ஆ 236-ஆ என்று இரண்டு அரசுகள் மாற்றி மாற்றிச் சட்டம் போட, ஓ.பி.சி. ஒதுக்கீட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்க, நாள் போய்க்கொண்டே இருந்தது. 2025-26-க்கு 74,427 கோடி ரூபாய் பட்ஜெட் போட்ட மாநகராட்சி இது. அதைக் கேள்வி கேட்க ஓட்டு வாங்கிய ஒரு ஆள்கூட உள்ளே இல்லை. ஆப்பில் புகார் எண் கிடைக்கும், நிஜம்தான். புகார் எண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாதே.

இனி நிஜமான வருத்தத்துக்கு வருகிறேன். மாமா கேட்க வேண்டிய கேள்வி வேறு: தமிழன் ஏன் சேனாவுக்குப் போட்டான் என்பதல்ல, இவ்வளவு தமிழர் இருந்தும் தமிழ் கவுன்சிலர்கள் ஏன் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள் என்பது. எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்று 2025 நவம்பர் 11-இல் சீட்டுக் குலுக்கினார்கள். 227-இல் 114 பெண்களுக்கு, 15 பட்டியல் சாதிக்கு, 2 பழங்குடிக்கு, 61 ஓ.பி.சி.க்கு. ஒதுக்கீடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தாராவித் தமிழரில் பெரும்பகுதி ஆதிதிராவிடர். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பங்கள். 1887-இல் தமிழ் முஸ்லிம்கள் ‘படீ மஸ்ஜித்’ (பெரிய பள்ளிவாசல்) கட்டினார்கள். 1913-இல் ஆதிதிராவிட மகாஜன சங்கத்துப் பிள்ளையார் கோயில் எழுந்தது. 1924-இல் தமிழ்ப் பள்ளி வந்துவிட்டது. அவ்வளவு பழைய இருப்பு. இருந்தும், இடம்பெயர்ந்தவரின் பட்டியல் சாதித் தகுதி கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே சான்றிதழ் வேண்டுமென்றால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டும். ஓ.பி.சி.க்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13.

ஒவ்வொரு மழைக்கும் முட்டளவு தண்ணீர் ஏறிய குடிசையில் 1950-க்கு முந்தைய தாளை யார் வைத்திருக்கிறார்? எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா, நல்ல பேச்சு, தெருவே அவள் பின்னால் போகும். பட்டியல் சாதிப் பெண்களுக்கு வார்டு ஒதுக்கினால் நிற்கலாம் என்று தாத்தாவின் தாளைத் தேடினாள். கிடைத்தது ஒரு தோல் பட்டறைக் கூலிச்சீட்டின் பாதி. தேதி இருந்த பாதி இல்லை. அவள் ஊரில் ஆதிதிராவிடர், தாராவியில் வெறும் மதராசி. சான்றிதழ் வாங்கி ஜெயித்தாலும் நிம்மதி இல்லை. சாதிச் சரிபார்ப்பில் தோற்றுப் பதவி பறிபோன கவுன்சிலர்கள் போன மாநகராட்சியிலேயே சிலர் உண்டு.

கட்சி தாவல் தனிக் கதை. 2017-இல் ராஜ் தாக்கரே கட்சிக்கு மும்பை முழுக்க ஏழு பேர்தான் கிடைத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் ஆறு பேர் சேனாவுக்குத் தாவினார்கள். நம் 189-ஆம் வார்டுக்காரரும் அதில் ஒருவர். அப்படித் தாவவிட்டு வாங்கிய சேனாவும், ஆளை இழந்த ராஜும்தான் 2026 ஜனவரியில் கைகோத்து நின்றார்கள். இப்போது மொத்தக் கணக்கில் பா.ஜ.க. 89, உத்தவ் சேனா 65, அதிலிருந்து பிரிந்து பா.ஜ.க.வோடு சேர்ந்த ஷிண்டே சேனா 29, காங்கிரஸ் 24. நம் 185-காரர் எதிர்வரிசையில் உட்கார வேண்டியவர்.

அவரால் என்ன முடியும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. காரணம் அவர் கட்சி இல்லை. தாராவியின் நிலத்துக்குத் திட்டம் போடுகிற அதிகாரம் மாநகராட்சியிடமே இல்லை, மறுசீரமைப்புத் திட்ட ஆணையத்திடம் இருக்கிறது. அதானி குழுமம் 2022 நவம்பரில் டெண்டர் எடுத்தது, 2024 மார்ச்சில் வீடு வீடாக சர்வே தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்த தரைத்தளக்காரருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும் மேல்மாடிக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியே. முலுண்ட், தேவ்னார் என்று பெயர்கள் அடிபடுகின்றன. நம் ஆட்களில் எத்தனை பேர் மேல்மாடி! இரும்பு ஏணி வைத்து ஏறுகிற அந்தப் பத்துக்குப் பத்து அறைகளில்தான் கல்யாணமான மகன்களும் புதிதாக வந்த குடும்பங்களும். ஓட்டு இருக்கிறது, வீட்டுக்குத் தகுதி இல்லை. அவர்கள் வெளியே போனால் நான் மேலே சொன்ன நான்கு கல்லிக் கணக்கும் கூடவே போகும். அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்காரனும் இங்கே குரலை இறக்கத் தேவையிருக்காது.

அதனால் 185, 187 பக்கத்து நண்பர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். மேல்மாடியில் இருப்பவர்கள் சர்வே எண் எழுதிய பலகையை போட்டோ எடுத்து, வோட்டர் கார்டு, மின் ரசீதோடு சேர்த்து வையுங்கள். தாத்தா பாட்டி காலத்துப் பள்ளிச் சான்று, கூலிச்சீட்டு, பிறப்புப் பதிவு எது கிடைத்தாலும், கிழிந்ததாக இருந்தாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். புது கவுன்சிலரைச் சந்திக்க நாங்கள் சிலர் நாள் கேட்டிருக்கிறோம். மேல்மாடிப் பட்டியலைக் கல்லிவாரியாக எழுதிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பெயர் சேர்க்க வேண்டியவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கமெண்டில் வீட்டு எண் போட வேண்டாம்.