பாட்டை விலைக்குக் கொடுங்கள்

சனிக்கிழமை பதிவுக்குக் கீழே வந்த பின்னூட்டங்களை நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தேன். பிறந்தநாளன்று ஒரு குழந்தை அழுததை எழுதினால், "அக்கா, இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று கேட்க எப்படி மனசு வருகிறது? அன்றே பதில் போட்டிருந்தால் ஏதாவது சுடச்சுட எழுதியிருப்பேன். இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது, பொறுமையாகவே சொல்கிறேன்.

டிவியில் வரும் ஆளைப் பார்த்து ஆடினால் மதிப்பெண் போடுகிற நடன வீடியோ விளையாட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, பாட்டுகள் மாதச் சந்தாவில் வரும். அதில் ஒரு பாட்டுக்கு ஆட என் சின்ன மகள் மூன்று வாரம் பழகினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேஸ்மென்ட்டில் சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு அதே பாட்டு, திரும்பத் திரும்ப. ஐந்து நட்சத்திரம் வந்தபோது மாடிக்கு ஓடிவந்து, அடுப்படியில் நின்ற என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பிறந்தநாளன்று பதினோரு பிள்ளைகள் முன்னால் பட்டியலைத் திறந்தால் அந்தப் பாட்டு இல்லை. வியாழக்கிழமை இருந்தது. சந்தா கட்டியிருக்கிறேன், பாக்கி எதுவும் கிடையாது. எடுக்கப் போகிறோம் என்று ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. எந்தச் சேவை என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பாட்டை விலைக்குக் கொடுங்கள். சந்தாவும் இருக்கட்டும், வேண்டியவர்கள் கட்டட்டும். ஆனால் எனக்கு வேண்டிய ஒரு பாட்டை, காசு கொடுத்து என்னுடையது என்று வைத்துக்கொள்ள வழி வேண்டும்.

"நெட்ஃபிளிக்ஸில் படம் காணாமல் போவதில்லையா?" போகிறது. ஆனால் படத்தை நான் பார்க்கிறேன், அவ்வளவுதான். நடன விளையாட்டில் பாட்டை உடம்பு படிக்கிறது. இந்த இடத்தில் வலது கை, இந்த இடத்தில் திரும்பு என்று காலும் கையும் மனப்பாடம் செய்கின்றன. அந்த உழைப்பு என் மகளுடையது. அதை யார் பட்டியலில் இருந்து நீக்க முடியும்?

"யூடியூபில் வீடியோ இருக்குமே, அதைப் பார்த்து ஆடச் சொல்லுங்கள்" என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். வீடியோ "பெர்ஃபெக்ட்" என்று சொல்லாது. அவள் ஆடியதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

இந்தக் கதை இப்போது வந்ததும் இல்லை. யூபிசாஃப்ட் கம்பெனியின் ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன விளையாட்டு 2009ல், டிவியில் மாட்டி ஆடும் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்தபோது டிஸ்க்தான். கூடுதல் பாட்டு வேண்டுமென்றால் தனித்தனியாக வாங்குகிற வழி அடுத்தடுத்த பதிப்புகளில் இருந்தது. ஜஸ்ட் டான்ஸ் 2016ஓடு அன்லிமிடெட் என்ற சந்தா வந்தது, 150க்கு மேல் பாட்டு. வருஷா வருஷம் பெருகி 2022 பதிப்பு வந்தபோது 700ஐத் தாண்டிவிட்டது. அப்புறம் 2023 பதிப்பில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். சந்தாவுக்குப் பெயர் ஜஸ்ட் டான்ஸ் பிளஸ், கணக்கு மறுபடியும் 150ல் இருந்து. பழைய பட்டியல் அப்படியே கூட வரவில்லை. கடையில் அந்தப் பதிப்பின் டப்பாவை வாங்கியவர்களுக்கு உள்ளே டிஸ்க்கும் இல்லை, கார்ட்ரிட்ஜும் இல்லை. டவுன்லோட் கோடு மட்டும்தான். 40 பாட்டு பதிப்போடு வருகிறதே என்பீர்கள். வருகிறது. அந்த 40ஐத் தேர்ந்தெடுத்தது நானா?

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு ஹார்மோனிக்ஸ் என்ற இன்னொரு விளையாட்டுக் கம்பெனி இருக்கிறார்கள். 2010ல் எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் கேமராவுக்கு டான்ஸ் சென்ட்ரல் என்ற நடன விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் இரண்டாவது வந்தபோது, கொஞ்சம் காசு கட்டினால் முதல் டிஸ்க்கின் பாட்டுகளைப் புதியதற்குள் கொண்டுவரலாம் என்று வைத்தார்கள். பழகியது வீணாகவில்லை.

"உரிமம் முடிந்துவிடும், கம்பெனி என்ன செய்யும்?" என்று தம்பி ஒருவர் மிக நீளமாக எழுதியிருந்தார். சரி, நியாயமான கேள்வி. பாட்டை எழுதியவருக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறொரு உரிமை, இரண்டுக்கும் காலக்கெடு உண்டு. தெரியும். ஆனால் அதே ஹார்மோனிக்ஸின் ராக் பேண்ட் என்ற இசை விளையாட்டில் உரிமம் முடிந்த பாட்டு கடையில் இருந்துதான் போகும். ஏற்கெனவே வாங்கியவர் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அப்படியொரு ஒப்பந்தம் போட முடிந்திருக்கிறது, இல்லையா?

வீ கன்சோலின் ஆன்லைன் கடை 2019 ஜனவரி 30ல் மூடப்பட்டதே, விலைக்கு வாங்கினாலும் இதே கதிதானே என்று இன்னொருவர். மூடினார்கள், உண்மை. வாங்கி இறக்கி வைத்தது கன்சோலிலேயே இருக்கிறது. அதற்கு மேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

"உங்களைத் தவிர யாருக்கும் இது கவலையில்லை" என்றவருக்கு மட்டும் சொல்கிறேன். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ கார் விளையாட்டின் சர்வரை நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. அதிலிருந்துதான், விற்ற விளையாட்டை ஆட முடியாமல் செய்யாதீர்கள் என்று கேட்கும் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கமே கிளம்பியது. ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கவலைப்பட ஆள் இருக்கிறது.

ஆனால் நேற்று தூக்கம் வராததற்குக் காரணம் இவர்கள் யாரும் இல்லை. "ஆட்டம்தானே, வேறு பாட்டுக்கு ஆடினால் ஆகாதா" என்ற பின்னூட்டம்தான். எழுதியவர் என் அம்மாவைப் பார்த்தவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்.

2013ல் அம்மா கும்பகோணத்தில் இருந்து ஆறு மாதம் எங்களோடு வந்து இருந்தார். நியூ ஜெர்சி குளிர், வெளியே போக முடியாது, பேச ஆள் கிடையாது. தெருக்கோடி வீட்டில் பழைய சாமான் விற்றபோது மூன்று டாலருக்கு ஜஸ்ட் டான்ஸ் 2 டிஸ்க் வாங்கி வைத்திருந்தோம். பெரியவளுக்கு அப்போது ஏழு வயது. அவள் ஆடுவதை அம்மா சோபாவில் இருந்தே பார்ப்பார். ஒருநாள் மதியம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, "இது கும்மிதானேடி, இதற்கு எதற்கு டிவி" என்றார். கையில் பிடித்து ஆட வேண்டிய வீ ரிமோட்டின் கயிற்றை வளையல்களுக்கு நடுவே மாட்டிவிட்டேன். கை வீசும்போதெல்லாம் ரிமோட்டில் வளையல் இடிக்கும் சத்தம். ஒரு பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டார், ஆறு மாதமும் அதே பாட்டு. நடுவில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் முழங்கால் வலிக்கிறது என்று இடது பக்கம் திரும்புவார். திரையில் தப்பு என்று எக்ஸ் விழும். "அவன் கிடக்கிறான்" என்று மேலே ஆடுவார்.

அம்மா 2021ல் போய்விட்டார்.

வேறு பாட்டுக்கு ஆடினால் ஆகாதாம். இந்தப் பாட்டும் சந்தாவில் இருந்திருந்தால் எந்த வியாழக்கிழமை போயிருக்குமோ, எனக்குத் தெரியவே தெரியாது.

சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, கல்லூரியில் இருந்து வந்திருந்த பெரியவள் அலமாரிக்குப் பின்னால் கிடந்த வீயைத் தேடி எடுத்துத் துடைத்தாள். டிஸ்க்கைச் செருகியதும் நீல விளக்கு எரிந்தது. யார் கணக்கும் கேட்கவில்லை, யார் கார்டும் கேட்கவில்லை. முகம் வீங்கியிருந்த தங்கையைப் பக்கத்தில் நிறுத்திப் பாட்டி பாட்டைப் போட்டாள். நடுவில் அந்த இடம் வந்ததும் பெரியவள் இடது பக்கம் திரும்பினாள். எக்ஸ் விழுந்தது. சின்னவள் அக்காவைப் பார்த்துவிட்டு அடுத்த முறை அவளும் இடது பக்கமே திரும்பினாள்.