பேரை எழுதும் முன்னால்

ஒரு பெரிய கொலை நடந்தால் மறுநாள் காலையில் டீக்கடை முதல் டிவி விவாதம் வரைக்கும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உளவுத்துறை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" 2024 ஜூலை 5 சாயங்காலம் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். அன்றைக்கு ராத்திரியே என் மகன் என்னிடம் அதைக் கேட்டான். மூன்று நாளில் சென்னை போலீஸ் கமிஷனர் மாற்றப்பட்டார். கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு என்னால் முடிந்த பதிலை எழுதிவிட வேண்டும் என்று அப்போதிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற டி.எஸ்.பி. கடைசி ஆறு வருஷம் குற்ற நுண்ணறிவு, அதாவது குற்றம் நடக்கும் முன்னாலேயே தகவல் சேகரிக்கும் வேலை, பார்க்கும் ஒரு சின்னக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எங்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் இன்றைக்கும் அதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மாவட்டத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு தனிப்பிரிவு ஏட்டு இருப்பார். உட்காருவது அந்த ஸ்டேஷனில் என்றாலும் அவருடைய தகவல் இன்ஸ்பெக்டருக்குப் போகாது, நேராக எஸ்.பி.க்குப் போகும். மாநில அளவில் அரசியல், சட்டம்-ஒழுங்குத் தகவலுக்கு எஸ்.பி.சி.ஐ.டி., தீவிரவாதத்துக்குக் கியூ பிரிவு, திட்டமிட்ட குற்றங்களுக்கென்று ஓ.சி.ஐ.யு. என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் கீழே இருக்கும் ஏட்டின் ஒரு நாளைப் பாருங்கள். எந்தக் கட்சிக் கூட்டத்துக்கு எத்தனை வேன் வந்தது, எந்தச் சங்கம் மறியலுக்குத் தேதி குறித்திருக்கிறது, யார் எந்த அணிக்குத் தாவப்போகிறார், இதிலேயே பொழுது போய்விடும். தெருவில் இரண்டு கும்பலுக்குள் புகைந்துகொண்டிருப்பதைக் கவனிக்க அவருக்கு மிஞ்சுவது அந்திக்கு மேல் ஒரு மணி நேரம். குற்ற நுண்ணறிவுக்குத் தலைமை ஏற்பவர் முதலில் சண்டை போட வேண்டியது இந்த ஒரு மணி நேரத்தை நாலு மணி நேரமாக்குவதற்குத்தான். நான் போட்டேன். பாதிதான் ஜெயித்தேன்.

சரி, தகவல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை என்ன செய்வது?

பொறுப்பேற்ற முதல் வருஷம். ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் கொலை நடக்கப்போகிறது என்று தகவல். செய்யப்போகிறவன் என்று ஒரு பையன் பேரும் இருந்தது. முதலில் ஒரு தனிப்பிரிவு ஏட்டு சொன்னார். இரண்டு நாள் கழித்து பக்கத்து ஸ்டேஷன் ரைட்டர் அதையே சொன்னார். அப்புறம் சிறையிலிருந்தும் அதே பேர் வந்தது. மூன்று தனித்தனி இடத்திலிருந்து ஒரே செய்தி, இனிமேல் என்ன சந்தேகம்? அதிகாலை மூன்று மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். பையன் கைலியோடு எழுந்து வந்தான். பின்னால் அவனுடைய அம்மா. வீட்டைப் புரட்டிப் போட்டதில் கிடைத்தது கருவேல முள் வெட்டும் ஓர் அரிவாள். கிராமத்தில் அது இல்லாத வீடு ஏது? அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தபோது அந்த அம்மா, "ஐயா, காலையில விறகுக்கு அதுதான்யா வேணும்" என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

பத்து நாள் கழித்து நிஜமாகவே ஒரு கொலை நடந்தது. வேறு தெரு, வேறு ஆட்கள். அதைப் பற்றி எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்தப் பையன் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு தகவலாகப் பின்னோக்கிப் போனேன். ஏட்டுக்குச் சொன்னது யார், அந்த ஆளுக்குச் சொன்னது யார், சிறைக்குள் போய்ச் சொன்னது யார். மூன்று வழியும் ஒரு மதுக்கடை பாரில் உட்கார்ந்திருந்த ஒரே ஆளிடம் போய் முடிந்தன. அந்தப் பையன் குடும்பத்தோடு அவருக்கு வரப்புத் தகராறு. ஒரே வாய் சொன்னதை மூன்று சாட்சியாக எண்ணியிருக்கிறோம். இந்தத் தவறுக்கு நான்தான் பொறுப்பு. "அவருக்கு யார் சொன்னார்கள்?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் உருவான ஒரு முறை உண்டு. சொல்கிற ஆளுக்கு ஓர் எழுத்து, சொன்ன விஷயத்துக்கு ஓர் எண் என்று தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். நம்பகமான ஆளும் தப்பான தகவல் கொண்டுவரலாம், பொய்யனும் ஒருநாள் உண்மை சொல்லலாம் என்பதுதான் அதன் அடிப்படை. பயிற்சியில் இதை எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த அதிகாலைக்கு அப்புறம்தான் புத்தியில் ஏறியது. எங்கள் குழுவின் ஒவ்வொரு தகவல் தாளிலும் இரண்டு கட்டம் போட வைத்தேன். கீழே மூன்றாவதாக ஒரு வரி: "இவருக்கு எப்படித் தெரியும்?" பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுத வேண்டும். வெறுமனே விடக் கூடாது. மேலதிகாரியிடம் "தெரியாது" என்று சொல்ல ஏட்டுக்குத் துணிச்சல் வர வேண்டுமென்றால், நான் முதலில் என் மேலதிகாரியிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் சோதனை போட்டதையே காரணமாகக் காட்டி ஸ்டேஷனில் அவன் பேரை ரவுடிப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் சந்தேகமே எங்களுக்கு ஆதாரம்! எனக்குத் தெரியவந்தபோது ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் ஒரு வேலையும் ஒரு கல்யாணப் பேச்சும் அவன் கையை விட்டுப் போயிருந்தன.

பட்டியல் என்ற சொல் எனக்கு வெறும் சொல் இல்லை. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். என் தாத்தா ரேகைச் சட்டம் என்று சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்து ஆள். பிறந்த சாதியை வைத்தே ஆண்களின் பேரை எழுதி, கைரேகை எடுத்து, ராத்திரியானால் போலீஸ் கச்சேரியில் வந்து படுக்கச் சொன்ன சட்டம் அது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. அந்த வீட்டிலிருந்து வந்த நான் சீருடை போட்டு, பேர் எழுதும் பக்கம் உட்கார்ந்தேன். பேனாவைத் திறக்கும்போதெல்லாம் தாத்தா ஞாபகம் வராமல் இருக்குமா?

2024 மே மாதம் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ரவுடி என்று ஏற்றப்பட்டவருக்கு ஸ்டேஷனில் வைக்கும் சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட்) காவல்துறையின் உள் ஆவணம், வெளியில் சுற்றக் கூடாது. சமூகத்தில் பின்தங்கிய பிரிவில் பிறந்தார் என்பதற்காக அப்பாவி ஒருவர் பேரை இயந்திரம்போல் ஏற்றக் கூடாது. எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. நம் காவல்துறையின் விதித்தொகுப்பான காவல் நிலையாணையிலும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. காலம் முடிந்த பதிவேட்டை நீட்டிக்க டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி உத்தரவு போட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? கட்டாக வரும், கையெழுத்தாகிப் போகும். நானும் போட்டிருக்கிறேன். ஒருமுறை உட்கார்ந்து படித்தபோதுதான் கவனித்தேன்: ஒருவர் செத்து நாலு வருஷமாகியிருந்தது, மாதாமாதம் "நடத்தை கண்காணிக்கப்பட்டது" என்று பதிவு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. போட்டோ வெளுத்து முகமே தெரியவில்லை.

கணினிக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் கலிபோர்னியாவைப் பார்க்கட்டும். அங்கே கும்பல் உறுப்பினர்களுக்கென்று வைத்திருந்த தரவுத்தளத்தை 2016-இல் மாநிலத் தணிக்கையாளர் சோதித்தார். பேர் ஏறிய நாளில் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள் என்று 42 பேர் இருந்தார்கள். அதில் 28 பேர் தாங்களே கும்பலில் இருப்பதாக ஒப்புக்கொண்டார்களாம்! இத்தனைக்கும் அமெரிக்க அரசின் நிதியில் இயங்கும் இதுபோன்ற அமைப்புகளுக்கு ஐந்து வருஷத்துக்குள் மறுஆய்வு செய்து சரியென்று உறுதி செய்யாத தகவலை அழித்துவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதி நல்ல விதிதான். பார்க்கிற கண் இல்லையென்றால் விதி என்ன செய்யும்?

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பட்டியலில் குப்பை சேரச் சேர நிஜமான ஆபத்து அதற்குள் புதைந்துவிடும். ஐந்நூறு பேரைக் கண்காணிப்பதாகச் சொல்லும் ஸ்டேஷன் ஒருவரையும் கண்காணிப்பதில்லை. ஒரு உட்கோட்டத்தில் நாற்பது பேரை நீக்க வைத்தோம். அதற்கு அப்புறம்தான் மிச்சமிருந்தவர்களில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் ஜாமீனுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று பார்க்க எங்களுக்கு நேரம் கிடைத்தது. பழிக்குப் பழிக் கொலைகளை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த ஜாமீன் பணம்தான்.

இன்னொன்று, இதில் என் துறை நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். ஆம்ஸ்ட்ராங் வழக்கில் கைதான ஒருவர் ஜூலை 14 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார். அந்த வழக்கின் உள்விவரம் எதையும் நான் பேசவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: கைதான ஒவ்வொருவர் தலைக்குள்ளும் பணம் எங்கிருந்து வந்தது, அடுத்து யார் பேர் குறித்திருக்கிறது என்று இருபது கேள்விக்குப் பதில் இருக்கும். அவர் செத்தால் அத்தனையும் அவரோடு போய்விடும். தெரு கைதட்டலாம். நுண்ணறிவுப் பிரிவின் தலைவர் கைதட்டக் கூடாது.

தகவல் தருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ்காரரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்தில் 125-ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 131-ஆம் பிரிவு. சட்டம் நீதிமன்றத்தில் காப்பாற்றும், ஸ்டேஷன் வாசலில் பேசும் வாயிலிருந்து காப்பாற்றாது. எங்களுக்கு நாலு வருஷம் தகவல் தந்த ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய பேர் என் குழுவில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ரகசிய நிதிப் பணத்தை வாங்க மாட்டார். "எம்புள்ளைய அந்தக் கும்பல்ல இழுக்காம இருந்தாப் போதும்" என்பார். நோய் வந்து இறந்தபோது நான் மாலை வாங்கிக்கொண்டு போக முடியவில்லை. போனால் பதினாறாம் நாளுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், மகன் அங்கேதான் வாழ வேண்டும். இந்த வேலையில் எனக்குக் கடன் என்று ஏதாவது இருந்தால் அது அவருக்குத்தான்.

பணியில் இருக்கும் டி.எஸ்.பி. தம்பிகள், தங்கைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த முறை நீட்டிப்புக் கட்டு மேஜைக்கு வரும்போது அதிலிருந்து பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். சீருடை இல்லாமல், பகலில், அவர்கள் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.